கணினி கேள்வி பதில்: காணாமற்போன ‘ஸ்லீப்’

மடிக்கணினியின் பேட்டரியைப் பேணுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, சிறிது நேரம் எழுந்து போகிறவர்கள் கணினியை அணைக்க வேண்டியதில்லை, ‘ஸ்லீப்’ நிலையில் வைத்தாலே போதும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த இதழின் பக்கங்களை நிரப்புகின்றன. ‘போதும் என்கிறீர்கள், சரி, அந்த ஸ்லீப் எங்கள் கணினியில் எங்கே இருக்கிறது?’ என்பதுதான் எல்லாக் கடிதங்களின் சாரமும். குறை ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணங்கள் வேறு வேறு என்பதால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 2019ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினி மிகவும் மெதுவாகிவிட்டதால், கடையில் கொடுத்து ஃபார்மேட் செய்து விண்டோஸ் 11 போட்டு வாங்கினேன். வேகம் கூடியிருக்கிறது. ஆனால் பவர் பொத்தானை அழுத்தினால் ‘ஷட் டவுன்’, ‘ரீஸ்டார்ட்’ இரண்டு மட்டுமே வருகின்றன. செட்டிங்ஸிலும் திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. கணினி எப்போது உறங்க வேண்டும் என்று குறிக்கும் இடம் இல்லை. மூடியை மூடினாலும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘புது விண்டோஸில் அப்படித்தான், மேடம்’ என்கிறார் கடைக்காரர். இன்னொன்று, திரையின் வெளிச்சத்தைக் குறைக்கவும் முடியவில்லை. இது தனிக் கேள்வி என்பதால் அடுத்த இதழில் பதில் தந்தாலும் போதும்.
— பள்ளி ஆசிரியை, தென்காசி

பதில்: அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டாம். தனிக் கேள்வி என்று நீங்கள் ஒதுக்கிவைத்த வெளிச்சக் குறைதான் முதற்கேள்விக்கான துப்பு.

ஸ்லீப் காணாமற்போவதில் இரண்டு வகை உண்டு. பட்டியலில் காட்ட வேண்டாம் என்று யாரோ குறித்துவைத்திருப்பது ஒன்று. அந்த நிலைக்குப் போகத் தன்னால் இயலாது என்று விண்டோஸே முடிவு செய்து, அது தொடர்பான எல்லா இடங்களையும் மறைத்துவிடுவது மற்றொன்று. முதல் வகையா என்று அறிய ஒரு நிமிடம் போதும். கண்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியைத் திறந்து, பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வரியை இடப்பக்கத்தில் அழுத்துங்கள். வரும் பக்கத்தின் கீழ்ப்பகுதி மங்கலாக இருக்கும். இப்போது மாற்ற முடியாதவற்றை மாற்றுவதற்கென்று மேலே நீல எழுத்தில் உள்ள வரியை அழுத்தினால் அது தெளியும். அங்கே ‘ஸ்லீப்’ என்பதன் முன்னால் உள்ள கட்டத்தில் டிக் இல்லையென்றால், டிக் இட்டுச் சேமித்தால் வேலை முடிந்தது. டிக் இல்லாதது வேறு, டிக் இடுவதற்கான கட்டமே இல்லாதது வேறு. நேரம் குறிக்கும் இடமும் போய்விட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்களுடையது இரண்டாம் வகை என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் வகையில் ஊகிக்க வேண்டியதில்லை. காரணத்தைக் கணினியிடமே கேட்கலாம். ஸ்டார்ட் மெனுவில் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ என்று தேடித் திறந்து, ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் இடைவெளியின்றிச் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ‘ஏ’ என்ற எழுத்தும் இட்டு, என்டர் விசையை அழுத்துங்கள். (இந்தக் கட்டளை இன்றைய பதில்களில் மீண்டும் மீண்டும் வரும், இனி ‘பவர்சிஎஃப்ஜி’ என்றே குறிப்பிடுகிறேன்.) கறுப்புத் திரையில் இரண்டு பட்டியல்கள் வரும். மேலே இருப்பது இந்தக் கணினியால் போகக்கூடிய நிலைகள். கீழே இருப்பது போக முடியாத நிலைகள். கீழ்ப்பட்டியலில் ஒவ்வொரு நிலைக்கும் அடியில், சற்று உள்தள்ளி, அது ஏன் இயலாது என்ற காரணம் ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். ‘எஸ்3’ (வழக்கமான ஸ்லீப் நிலையின் பெயர்) என்ற வரிக்குக் கீழே, அமைப்பின் உள்ளுறுப்பு ஒன்று இந்நிலையை முடக்கியிருப்பதாகச் சொல்லி, திரை அல்லது கிராபிக்ஸ் சார்ந்த பெயர் ஒன்றும் இருந்தால் என் ஊகம் சரி.

உறங்கும்போது கணினி ரேம் நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரத்தை விட்டுவைத்து, மற்றப் பாகங்களுக்கு ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடுகிறது. விழிக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவைக்க வேண்டிய பொறுப்பு அந்தந்தப் பாகத்துக்குரிய டிரைவர் என்னும் மென்பொருளைச் சேர்ந்தது. ஃபார்மேட் செய்தபின் உங்கள் கணினியின் கிராபிக்ஸ் சிப்புக்கு உரிய டிரைவரைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நிலையில் விண்டோஸ், ‘மைக்ரோசாஃப்ட் பேஸிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்ற பொதுவான ஒன்றைக் கொண்டு சமாளிக்கும். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் ‘பயாஸ்’ என்ற அடிப்படை மென்பொருள் ஏற்கெனவே தொடங்கிவைத்த திரையில் படம் காட்டும் அளவுக்குத்தான் அதற்குத் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரியாது. மின்சாரம் நின்றுபோன சிப்பை மறுபடி எழுப்பவும் தெரியாது. எழுப்ப ஆளில்லாத வீட்டில் படுக்க வேண்டாம் என்று விண்டோஸ் ஸ்லீப்பையே எடுத்துவிடுகிறது.

டிவைஸ் மேனேஜரில் ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதை விரித்தால் அந்தப் பெயரே கண்ணில் படும். மடிக்கணினியின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, கிராபிக்ஸ் டிரைவரை இறக்கி நிறுவுங்கள். தனியாக என்விடியா அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டும் உள்ள கணினியாக இருந்தால் இரண்டுக்கும் டிரைவர் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் ஸ்லீப் திரும்பாமல் போகலாம். நிறுவி ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் வெளிச்சமும் ஸ்லீப்பும் சேர்ந்தே திரும்பும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அது பொருந்துவது அடுத்த கடிதக்காரருக்கு.

கேள்வி: சென்ற ஆண்டு புது மடிக்கணினி வாங்கினேன். ஸ்லீப் இருக்கிறது, ஆனால் பழைய கணினியில் நான் மாற்றிப் பழகிய அமைப்புகள் எதுவும் இல்லை. ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’, ‘பவர் சேவர்’ திட்டங்கள் இல்லை. ‘பேலன்ஸ்டு’ ஒன்றே இருக்கிறது. இரவு மூடிப் பைக்குள் வைத்தால் காலையில் பை வெதுவெதுப்பாக இருக்கிறது, பேட்டரி கால் பங்குக்கு மேல் இறங்கியிருக்கிறது. பயாஸில் ‘எஸ்3’ என்ற பழைய உறக்கத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் அது திரும்பி வரும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
— தணிக்கையாளர், கோயம்புத்தூர்

பதில்: நண்பர் சொல்லும் வரியை நான் என் கணினியிலேயே சேர்த்துப் பார்த்து அவதிப்பட்டிருக்கிறேன். அதற்கு வருமுன், எஸ்3 எங்கே போயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

கணினியின் மின்நிலைகளுக்கு எஸ்0, எஸ்3 என்று எண்ணிட்டுப் பெயர் வைத்த வரையறை 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்டது. எஸ்0 என்றால் விழித்திருப்பது. எஸ்3 என்றால் ரேமுக்கு மட்டும் மின்சாரம் விட்டு மற்றதை நிறுத்துவது. எஸ்4 என்றால் ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவைத்துவிட்டு முழுவதும் அணைந்துபோவது. ‘ஹைபர்நேட்’ என்பது இதுதான். எஸ்5 என்பது ஷட் டவுன். இருபது ஆண்டுகளாக நாம் ஸ்லீப் என்று அழைத்தது பெரும்பாலும் எஸ்3 நிலையைத்தான்.

கைபேசி வந்தபின் மக்களின் எதிர்பார்ப்பு மாறிவிட்டது. திரை அணைந்திருக்கும்போதும் அஞ்சல் வர வேண்டும், தொட்டவுடன் எழ வேண்டும். அதற்காக விண்டோஸ் 8 வெளிவந்த 2012ஆம் ஆண்டில் ‘கனெக்டட் ஸ்டாண்ட்பை’ என்ற புதிய முறை வந்தது. 2015ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 வந்தபோது அது விரிவடைந்து ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்ற பெயரைப் பெற்றது. இந்த முறையில் கணினி எஸ்0 நிலையை விட்டு இறங்குவதே இல்லை. விழிப்பு நிலையிலேயே இருந்துகொண்டு, திரையை அணைத்து, செயலியைக் கூடியவரை சும்மா வைத்து, அவ்வப்போது சிறிது எழுந்து வேலை பார்த்துவிட்டு மறுபடி அடங்கும். எஸ்3 அசந்த தூக்கம் என்றால் இது கோழித் தூக்கம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் கோழித் தூக்கத்திலும் மின்செலவு குறைவுதான்; வைஃபை அல்லது புளூடூத் டிரைவர் ஒன்று அடங்க மறுத்தால், இரவெல்லாம் கண்விழித்த கணினியைத்தான் காலையில் பையிலிருந்து எடுப்பீர்கள்.

இந்த முறையைத் தாங்கும் கணினி என்று பயாஸ் அறிவித்துவிட்டால் விண்டோஸ் எஸ்3 பக்கமே திரும்பாது. புதிய மாதிரிகள் பலவற்றில் தயாரிப்பாளர்கள் எஸ்3 நிலையைப் பயாஸில் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். மேலே சொன்ன பவர்சிஎஃப்ஜி கட்டளையை இட்டால், உங்கள் கணினியின் முதற்பட்டியலில் ‘எஸ்0 லோ பவர் ஐடில்’ என்று இருக்கும். எஸ்3 கீழ்ப்பட்டியலில் இருக்கும். அதன் கீழுள்ள காரணத்தை மட்டும் கவனமாகப் படியுங்கள். எஸ்0 இருப்பதால் எஸ்3 முடக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் எஸ்3 உள்ளே இருக்க வாய்ப்புண்டு. பயாஸ் இந்நிலையைத் தாங்கவில்லை என்ற வரியும் கூட இருந்தால், இல்லாத ஒன்றை எந்த ரெஜிஸ்ட்ரி வரியாலும் கொண்டுவர முடியாது.

பவர் திட்டங்கள் குறைந்ததற்கும் காரணம் இதுவே. மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள கணினியில் விண்டோஸ் ‘பேலன்ஸ்டு’ திட்டத்தை மட்டுமே வைத்துக்கொள்ளும். வேகமா சிக்கனமா என்ற தேர்வு செட்டிங்ஸில் ‘பவர் மோடு’ என்ற இடத்துக்குப் போய்விட்டது.

இப்போது அந்த ரெஜிஸ்ட்ரி வரி. ‘பிளாட்ஃபார்ம் ஏஓஏசி ஓவர்ரைடு’ என்ற பெயரில் ஒரு மதிப்பை உருவாக்கி அதற்கு 0 கொடுத்தால் விண்டோஸ் மாடர்ன் ஸ்டாண்ட்பையைக் கைவிட்டுவிடும் என்பது உண்மை. (இதற்கு முன் புழங்கிய ‘சிஎஸ் எனேபிள்டு’ என்ற வழி விண்டோஸ் 10இன் 2004ஆம் பதிப்போடு செயலிழந்துவிட்டது, பழைய குறிப்புகளைப் பார்த்து அதை முயலாதீர்கள்.) நான் என் கணினியின் கீழ்ப்பட்டியலைச் சரியாகப் படிக்காமல் இதைச் செய்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் எஸ்0வும் போயிற்று, எஸ்3யும் வரவில்லை. ஸ்லீப் என்ற சொல்லே மெனுவிலிருந்து மறைந்தது. அதைக் கவனிக்காமல் வழக்கம்போல் மூடியை மூடிப் பைக்குள் வைத்து இரவுப் பேருந்தில் ஏறினேன். மூடினால் உறங்க வேண்டும் என்ற கட்டளை இருந்தது. உறங்கத்தான் வழி இல்லை. மதுராந்தகம் தாண்டும்போது மடியிலிருந்த பையின் சூடு தொடையில் உறைத்தது. எடுத்துப் பார்த்தால் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது, பேட்டரியில் 9 விழுக்காடு மிச்சம். அந்த வரியை நீக்கிய பிறகுதான் பழைய கோழித் தூக்கமாவது திரும்பியது.

ஆகவே, எஸ்3 உள்ளே இருப்பது உறுதியானால் மட்டும், அதுவும் ரெஜிஸ்ட்ரியின் நகலை எடுத்துவைத்துக்கொண்டு முயலலாம். லெனோவோவின் திங்க்பேட் வரிசையில் சில மாதிரிகளில் இந்தச் சுற்றுவழியும் தேவையில்லை. பயாஸில் ‘ஸ்லீப் ஸ்டேட்’ என்ற இடத்தில் லினக்ஸுக்குரிய தேர்வை எடுத்தால் எஸ்3 கிடைத்துவிடும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஹைபர்நேட். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு, ‘எச்’, மறுபடி இடைவெளி, ‘ஆன்’ என்று தட்டினால் அது செயல்படத் தொடங்கும். முதற்பதிலில் சொன்ன கண்ட்ரோல் பேனல் பக்கத்திலேயே ஹைபர்நேட்டுக்கும் ஒரு கட்டம் இருக்கும், டிக் இடுங்கள். அதே பக்கத்தில், மூடியை மூடும்போது, பேட்டரியில் ஓடினால் ஹைபர்நேட், சார்ஜரில் இருந்தால் ஸ்லீப் என்று வைத்துவிடுங்கள். விலையாகக் கொடுக்க வேண்டியது வட்டில் கொஞ்சம் இடமும், எழும்போது சில விநாடிகளும். ரேமின் அளவில் 40 விழுக்காடு இடத்தை விண்டோஸ் இதற்கென்று எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி ரேம் என்றால் ஏறக்குறைய ஆறரை ஜிபி.

யார் தூங்கவிடாமல் செய்வது என்று அறிய விரும்பினால், அதே அட்மினிஸ்ட்ரேட்டர் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு இட்டு ‘ஸ்லீப்ஸ்டடி’ என்பதை ஒரே சொல்லாகத் தட்டுங்கள். கடந்த மூன்று நாள்களின் ஒவ்வொரு உறக்கமும், அதில் இறங்கிய பேட்டரி அளவும், அதிகம் விழித்திருந்த பாகத்தின் பெயரும் கொண்ட அறிக்கை ஒன்று உருவாகும். பிரவுசரில் திறந்து பார்க்கலாம். பெயர் தெரிந்தால் அந்தப் பாகத்தின் டிரைவரைப் புதுப்பிக்கலாம்.

கேள்வி: அலுவலகம் தந்த மடிக்கணினியில் உறக்க அமைப்புகள் மங்கிக் கிடக்கின்றன. சில அமைப்புகளை நிறுவனம் நிர்வகிக்கிறது என்று மேலே ஒரு வரி வருகிறது.
— வாசகர், ஓசூர்

பதில்: அந்த வரி சொல்வது உண்மைதான். மெனுவில் ஸ்லீப்பைக் காட்டலாமா கூடாதா என்பதற்கே ‘குரூப் பாலிசி’யில் தனி விதி இருக்கிறது, உங்கள் ஐ.டி. பிரிவு அதைப் பயன்படுத்தியிருக்கிறது. இரவில் அப்டேட் அனுப்புவதற்காகக்கூட அப்படிச் செய்வார்கள். அவர்களிடம் கேளுங்கள், நீங்களே ரெஜிஸ்ட்ரியில் மாற்றினாலும் அடுத்தமுறை விதிகள் புதுப்பிக்கப்படும்போது பழையபடி ஆகிவிடும்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில், நிறுவனம் ஒன்று பயன்படுத்திக் கழித்த டெல் மடிக்கணினியை வாங்கினேன். எல்லா டிரைவரும் போட்டாயிற்று, விண்டோஸும் புதிதாக நிறுவியாயிற்று. ஆனாலும் ஸ்லீப் வரவில்லை. பயாஸ் இந்நிலையைத் தாங்கவில்லை என்று கட்டளை சொல்கிறது. ஆனால் இதே மாதிரியை வைத்திருக்கும் நண்பரிடம் ஸ்லீப் இருக்கிறது!
— கல்லூரி மாணவர், ஆவடி

பதில்: கட்டளையை இட்டுப் பார்த்துவிட்டு எழுதியதற்கு முதலில் நன்றி; பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். டெல்லின் அலுவலகப் பயன்பாட்டு மாதிரிகள் பலவற்றின் பயாஸில், பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், ‘பிளாக் ஸ்லீப்’ என்ற ஒரு தேர்வு இருக்கிறது. அதில் டிக் இருந்தால், விண்டோஸிடம் உறக்கம் என்ற பேச்சே எழாதபடி பயாஸ் மறைத்துவிடும். எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய கணினியாக அந்த நிறுவனம் இதை வைத்திருந்திருக்கலாம். ஃபார்மேட் செய்வது வட்டை மட்டுமே துடைக்கிறது. பயாஸ் அமைப்புகள் மதர்போர்டில் இருப்பதால் பழைய உரிமையாளரின் விருப்பங்கள் அப்படியே உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டன.

கணினியை இயக்கியதும் டெல் முத்திரை தெரியும்போது எஃப்2 விசையைத் தட்டி உள்ளே போய், அந்த டிக்கை எடுத்துச் சேமியுங்கள். பயாஸுக்குக் கடவுச்சொல் கேட்டால் விற்றவரிடம் திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை. கழித்த கணினி வாங்கும்போது கடையிலேயே எஃப்2 தட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: இரவு இரண்டு மணிக்குக் கணினி தானே எழுந்து பேக்கப் எடுக்கும்படி ‘டாஸ்க் ஷெட்யூல’ரில் வைத்திருக்கிறேன். சொன்ன நேரத்துக்கு எழுகிறது. இரண்டே நிமிடத்தில், பேக்கப் பாதியில் நிற்க, மறுபடி உறங்கிவிடுகிறது. உறங்கும் நேரத்தை ஒரு மணி என்று வைத்திருக்கிறேன். வேறு அமைப்பு எதுவும் கண்ணில் படவில்லை.
— புகைப்படக் கலைஞர், மதுரை

பதில்: வேறு அமைப்பு இருக்கிறது, விண்டோஸ் அதைக் காட்டுவதில்லை. நீங்கள் விசையையோ மவுஸையோ தொட்டு எழுப்பினால் ஒரு மணி நேரக் கணக்கு செல்லும். ஆளில்லாமல் தானே எழுந்த கணினிக்கு ‘சிஸ்டம் அன்அட்டெண்டட் ஸ்லீப் டைம்அவுட்’ என்ற தனிக் கணக்கு. அது இயல்பாக இரண்டு நிமிடம்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ‘ஃபைண்ட்’ வழியாக அந்தப் பெயரை ஆங்கிலத்தில் அப்படியே தேடுங்கள். அது அகப்படும் இடத்தில், வலப்பக்கம் ‘ஆட்ரிபியூட்ஸ்’ என்ற மதிப்பு 1 என்று இருக்கும். அதை 2 ஆக்குங்கள். பிறகு பவர் ஆப்ஷன்ஸில் திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்தால், ‘ஸ்லீப்’ என்ற தலைப்பின் கீழ் அதுவரை இல்லாத அந்த வரி வந்து நிற்கும். உங்கள் பேக்கப் எவ்வளவு நேரம் எடுக்குமோ அதைவிடச் சற்றுக் கூடுதலான நிமிடங்களைக் கொடுத்துவிடுங்கள். திருமணப் படங்கள் என்றால் தாராளமாகவே கொடுங்கள்.

கேள்வி: மேக்புக்கின் இயங்குதளத்தை மான்டெரே பதிப்பிலிருந்து வென்சுராவுக்கு மாற்றியதும், பேட்டரிப் பகுதியில் நேரம் குறிக்க உதவிய நகர்த்தியைக் காணவில்லை.
— வாசகி, சிங்கப்பூர்

பதில்: 2022 அக்டோபரில் வந்த வென்சுராவில் ஆப்பிள் அமைப்புகள் பக்கத்தையே புதிதாகக் கட்டிவிட்டது, வீடு மாறியபோது சாமான் வேறு அறைக்குப் போனதுபோல் ஆகிவிட்டது. திரை அணையும் நேரம் இப்போது ‘லாக் ஸ்கிரீன்’ பகுதியில், பேட்டரிக்கு ஒன்றும் சார்ஜருக்கு ஒன்றுமாக இருக்கிறது. திரை அணைந்தபின் கணினியும் உறங்கிவிடும். சார்ஜரில் இருக்கும்போது உறங்கக் கூடாது என்றால், ‘பேட்டரி’ பகுதியின் ‘ஆப்ஷன்ஸ்’ பொத்தானுக்குள் அதற்கான தேர்வு உள்ளது. உடனே உறங்கவைக்க, ஆப்பிள் சின்னத்தின் கீழ் ‘ஸ்லீப்’ பழைய இடத்திலேயே இருக்கிறது.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மடிக்கணினியை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறேன். ‘சஸ்பெண்ட்’ இருக்கிறது, ஹைபர்நேட் இல்லை. கொண்டுவர முடியுமா?
— வாசகர், பெரம்பலூர்

பதில்: முடியும், ஆனால் சஸ்பெண்ட் இருக்கும்போது அதற்குப் படும் பாடு தேவைதானா என்று யோசியுங்கள். எல்லா வன்பொருளிலும் நம்பத்தகுந்தபடி வேலை செய்யவில்லை என்பதால் உபுண்டு தன் 12.04ஆம் பதிப்பிலேயே ஹைபர்நேட்டை மெனுவிலிருந்து எடுத்துவிட்டது. ரேமில் உள்ளதை எழுதிவைக்க ‘ஸ்வாப்’ இடம் வேண்டும்; உபுண்டு தானாக உருவாக்கும் ஸ்வாப் கோப்பு பெரும்பாலும் ரேமைவிடச் சிறியது. ரேமுக்குச் சமமாகவாவது அதைப் பெருக்கி, கணினி எழும்போது எங்கிருந்து படிக்க வேண்டும் என்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கும் சொல்லிவைக்க வேண்டும். பயாஸில் ‘செக்யூர் பூட்’ இயங்கினால் கெர்னல் ஹைபர்நேட்டை அனுமதிக்காது.

சஸ்பெண்ட் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘சிஸ்’ அடைவுக்குள் ‘பவர்’ என்ற அடைவில் ‘மெம்_ஸ்லீப்’ என்ற கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் ஒரே வரிதான். அந்த வரியில் ‘டீப்’ என்ற சொல் சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால் உங்கள் கணினி உறங்குவது பழைய எஸ்3 உறக்கம். கோயம்புத்தூர்க்காரர் தேடிக்கொண்டிருப்பது உங்களிடம் இலவசமாக இருக்கிறது.

கேள்வி: மறைந்த ஸ்லீப்பை ஒரே சொடுக்கில் மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். டிரைவர் இல்லாததையோ பயாஸில் இல்லாததையோ அதனால் கொண்டுவர முடியாது. டிக் இடுவதற்குக் கட்டணம் எதற்கு? ஏற்கெனவே நிறுவி, பவர் அமைப்புகள் தாறுமாறாகியிருந்தால், அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, அட்மினிஸ்ட்ரேட்டர் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோடு இட்டு, ‘ரீஸ்டோர் டிஃபால்ட் ஸ்கீம்ஸ்’ என்ற மூன்று சொற்களையும் ஒட்டித் தட்டுங்கள். நீங்களே உருவாக்கிய பவர் திட்டங்கள் ஏதும் இருந்தால் அவையும் அழிந்துவிடும். அவற்றின் நேரங்களை முன்னதாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.